நான் இரண்டு தடவை போட்டுக்கொள்ளவில்லை

செல்வம், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்து மூன்று பேர் படிக்கும்படி என்னைப் பற்றி மூன்று வரி எழுதினாய். "அம்மாவுக்கு ஞாபகம் தவறுது. இன்சுலினை ரெண்டு தடவை போட்டுக்கிட்டாங்க. இனிமே அத்தைதான் போடுவாங்க." கீழே கைகூப்பும் படம் ஒன்று. எல்லாரும் பதிலுக்குக் கைகூப்பினார்கள். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அதனால் என் பதிலையும் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். எனக்கு மூன்று வரி போதாது. நீளமாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடாதே. பத்து மாதம் சுமந்ததை எல்லாம் சொல்லிக்காட்ட மாட்டேன். இன்சுலினைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

முதலில், உன் மூன்று வரி என்ன செய்தது என்று தெரிந்துகொள். மறுநாளே வல்லத்திலிருந்து உன் பெரிய மாமா போன் செய்தார். "ஏம்மா, மறதியாமே ஒனக்கு? நான் யாருன்னு தெரியுதா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அவருக்கு அவருடைய மூன்று பிள்ளைகளின் ரவிக்கை, சட்டை அளவையும் வரிசையாகச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள், பேச்சு குழுவைத் தாண்டி ஊருக்குள்ளும் பரவி, முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த பெண் வந்து துணியைத் திருப்பிக் கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. பட்டு துணி. அளவு மாறிப் போச்சுன்னா பேஜாராயிடும்" என்றாள். இருபத்தாறு வருஷமாகத் திண்டிவனத்தில் தைக்கிறேன். பழைய ரவிக்கையைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவள். என் கையிலிருந்து துணி திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. அவளிடம் துணியை மடித்துக் கொடுத்தேன். அழவில்லை. ஆனால் உன் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறக்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

உன் அப்பா ஊசிக்குப் பயந்தார். "இன்சுலின் போட ஆரம்பிச்சா அதோட கணக்கு முடிஞ்சிதுன்னு அர்த்தம்" என்று யாரோ சொன்னதை நம்பி, மாத்திரையிலேயே ஓட்டிக் காலையும் இழந்து, போயும் சேர்ந்தார். எனக்கு மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்தபோது உன் அத்தை சரோஜாவிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். நான் அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன். பதினோரு வருஷம் ஆகிறது. இது ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற மருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற அவசர ஊசி இல்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒரு தடவை. நான் காலை ஏழு மணியை எடுத்துக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் அந்த ஏழு மணியை நான் தவறவிட்ட நாட்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். தவறிய நாளிலும், சேர்த்துப் போடலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஞாபகம் தவறுகிறது என்று எழுதினாயே, அதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் நான் தப்பே செய்யவில்லை என்று சொல்லவரவில்லை. பெரிய தப்பு செய்தேன். நீ எழுதிய தப்பு இல்லை அது. அதை நான் சொல்லாமல் யாரும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் நானே சொல்கிறேன்.

நான் ஊசி போட ஆரம்பித்தபோது நம் வீடு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். முன்பக்கம் தையல் மெஷின், பின்பக்கம் அடுப்பு, நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். தாழ்ப்பாள் போட்ட கதவு என்று ஒன்று தெருவாசலுக்கு மட்டும்தான். நீ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பாய். ஏழு மணிக்கே அளவு கொடுக்கப் பெண்கள் வந்துவிடுவார்கள். மருத்துவமனையில் நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்: வயிறு, தொடை, மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று. தொடையில் போட நான் எங்கே போவேன்? வயது வந்த பிள்ளை பார்க்கச் சேலையைத் தூக்கிக்கொண்டு உட்காரவா? சேலை கட்டின பெண்ணுக்கு, எதையும் அவிழ்க்காமல் தொடக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. இடது பக்கம், ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவில், வயிற்றோரத்தில் நான்கு விரல் அகலம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன், வலது கையைக் குறுக்கே கொண்டுபோனேன், போட்டேன். மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. பதினோரு வருஷமும் அதே நான்கு விரல் இடம்தான்.

அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் மல்லாட்டைக் கடலை அளவு. பிறகு எலுமிச்சம்பழம் அளவு. வலிக்காது. வலிக்காததால்தான் எனக்கு அந்த இடம் இன்னும் பிடித்துப்போனது. கட்டியில் குத்தினால் குத்தினதே தெரியாது. ஊசியையும் சிக்கனம் பிடித்தேன். பட்டுத் துணி என்றால் மெஷின் ஊசியைப் புதிதாக மாற்றுகிறவள், என் உடம்புக்கு ஒரே ஊசியைப் பத்து நாள், பதினைந்து நாள் வைத்துக் குத்தினேன். மருத்துவர் ஒவ்வொரு தடவையும் "எடம் மாத்தி மாத்தி போடறீங்களாம்மா?" என்பார். "ஆமாங்க" என்பேன். "புது ஊசிதானே?" "ஆமாங்க." சர்க்கரை குறையாமல் இருப்பதைப் பார்த்து அவர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். பதினாலு யூனிட்டில் ஆரம்பித்தது முப்பத்து நாலுக்கு வந்தது. பொய் சொன்னது நான். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் அளவை எழுதினார். இதில் மருத்துவர் மேல் குற்றமே இல்லை.

போன மாதம் பாவாடை நாடா அந்தக் கட்டியில் உரசிப் புண்ணாகிவிட்டது. இப்போது புதிதாகக் கட்டிய பின்னறையில் கதவும் இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது, பார்க்க ஆளும் இல்லை. அப்படியிருந்தும் பழக்கத்தால் சுவரைப் பார்த்தே போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இடத்தை மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. சரி, இனி தொடை என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நானே படித்துத் தெரிந்துகொள்கிறவள் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரில், அளவை மாற்றலாமா வேண்டாமா என்று மருத்துவரைக் கேட்கத் தோன்றவில்லை. அதே முப்பத்து நாலைத் தொடையில் போட்டேன். முதல் நாள் கொஞ்சம் அசதி. இரண்டாம் நாள் மத்தியானம் கை நடுங்கியது, வெயில் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் லைனிங் துணி எடுக்க விழுப்புரம் போனேன்.

கடையில் நேரமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைத் திண்டிவனத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்போது வேர்த்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. துணிப்பையில் அச்சடித்திருந்த எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. கண்டக்டர் வந்து எதையோ கேட்டார். அவரிடம் சண்டை பிடித்தேனாம். என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. பின்சீட்டில் ஒருவர், "இந்தம்மா ஏதோ சாப்ட்டுக்கினு வந்திருக்குது" என்றது மட்டும் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது, ஆனால் நாக்கு எழும்பவில்லை. பக்கத்தில் மரக்காணம் பக்கத்து மீன்காரம்மா ஒருத்தி, காலிக் கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, சுகர் இருக்குதா ஒனக்கு? ஊசி போடறியா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். உடனே முன்சீட்டுக்காரரிடம் இருந்த குளிர்பான பாட்டிலைக் கேட்டாள்.

அவர் கொடுக்கவில்லை. "சுகர் இருக்குதுன்னு சொல்றாங்க, இனிப்பு குடுக்கறியே? ஏறிடும்மா" என்றார். நல்ல மனிதர்தான். தெரியாமல் சொன்னார்.

"யோவ், ஏறுனா நாளைக்கி டாக்டரு பாத்துக்குவாரு. இப்ப எறங்கிக்கினு இருக்குதுய்யா! எங்க மாமியாளுக்கு இதே மாதிரிதான் வேர்க்கும். குடு ஜல்தி. காசுக்குப் பதிலா நாளைக்கி மீனு வாங்கிக்க."

பாட்டில் வந்தது. "முழுங்குவியா? முழுங்க முடியுதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தாள். முழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கூட்டேரிப்பட்டு வரும்போது எனக்கு ஆட்கள் முகம் தெரிய ஆரம்பித்தது. திண்டிவனத்தில் அவள்தான் ஆட்டோ வைத்து மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை நான். இதைப் படிக்கும் எல்லாருக்கும் அவள் சார்பில் சொல்கிறேன்: இன்சுலின் போடுகிறவர் வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால், அவர் சர்க்கரை நோயாளி என்பதற்காக இனிப்பை ஒளித்து வைக்காதீர்கள். அந்த நேரத்துக்கு இனிப்புதான் மருந்து. நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சாயந்திரம் நீ தாம்பரத்திலிருந்து காரில் வந்தாய். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, நான் தெளிவாகத்தான் இருந்தேன். நீ என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைத் தாண்டி, சரோஜாவிடம் கேட்டாய்: "எத்தனை தடவை போட்டாங்க அத்தை?" அவளுக்கு என்ன தெரியும்? "எனக்கெங்க தெரியும் செல்வம், வயசாவுதில்ல, ரெண்டு தடவ போட்டிருப்பாங்க" என்றாள். நீ அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய். நான் வாயைத் திறந்தேன். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்றாய். அந்த 'ரெஸ்ட் எடுங்க' இருக்கிறதே, அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் நான் ஊசி போடும் இன்சுலின் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் அதைச் சரோஜா வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினாய்.

வீட்டுக்குப் போனவன் கூடத்தில் தொங்கும் தேதி காலண்டரைப் பார்த்திருக்கலாம். நான் ஊசி போட்ட பிறகுதான் முந்தின நாள் தாளைக் கிழிப்பேன். போடாமல் கிழிக்க மாட்டேன், கிழித்த பிறகு போட மாட்டேன். போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வரக்கூடாது என்று முதல் நாளிலிருந்து வைத்திருக்கும் பழக்கம். நான் இரண்டு தடவை போட்டிருந்தால் அன்றைக்கு அந்தக் காலண்டரில் மறுநாள் தேதி இருந்திருக்கும். அன்றைய தேதிதான் இருந்தது. நீ அதன் பக்கத்தில் நின்றுதான் அந்த மூன்று வரியை எழுதினாய் என்று சரோஜா சொன்னாள்.

அப்படியானால் ஏன் சர்க்கரை இறங்கியது? மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதையேதான் யோசித்தேன். அளவு அதேதான், மருந்தும் அதேதான், மாறியது இடம் மட்டும். வீட்டுக்கு வந்த நான்காம் நாள், யாரிடமும் சொல்லாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி மருத்துவரைப் பார்த்தேன். இந்தத் தடவை பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது, வயிற்றில் நான்கு இட்லி இருந்தது. பதினோரு வருஷமாகச் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு கட்டியைக் காட்டினேன். அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தக் கட்டியில போட்ட மருந்து ஒழுங்கா உள்ள போவாதும்மா. போவலைன்னு தெரியாம நான் ஏத்திக்கினே போயிருக்கேன். நீங்க நல்ல எடத்துல போட்டதும் முப்பத்து நாலும் முழுசா எறங்கிடுச்சு. எடத்த மாத்தினது சரி. எங்கிட்ட கேக்காம மாத்தினீங்க பாருங்க, அதுதான் தப்பு."

"அப்போ நான் ரெண்டு தடவ போடல இல்லீங்களா?"

"ரெண்டு தடவயா? யாரு சொன்னது?"

"எம்புள்ள."

அவர் சிரித்துவிட்டு அளவைக் குறைத்து எழுதினார். தினமும் விடிகாலையில் சர்க்கரை பார்த்து ஒரு வாரத்துக்கு எழுதிவரச் சொன்னார். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அதையும் படமெடுத்துக் குழுவில் போடு.

ஆனால் பேனா சரோஜாவிடம் இருந்ததே. அவளுக்கும் சர்க்கரை, அவளும் ஊசி போடுகிறவள், அதனால் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாய். அவள் போடுவது வேறு மருந்து, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற கலவை. முதல் நாள் ஏழேகாலுக்கு வந்தாள். மறுநாள் எட்டரை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ஒன்பதே முக்காலுக்கு வந்து, "சேலைய நகத்துங்க அண்ணி" என்று பேனாவை நீட்டினாள். நான் வழக்கப்படி வெளிச்சத்தில் பார்த்தேன்.

"யாரு பேனா இது சரோஜா?"

"உங்களுதுதான் அண்ணி. செல்வம் குடுத்துட்டுப் போனது."

"என்துன்னா தண்ணியாட்டம் தெளிவா இருக்கும். இது கஞ்சித் தண்ணியாட்டம் இருக்குது பாரு."

"எல்லாம் இன்சுலின்தான அண்ணி. உள்ள போயி கலரா பாக்கப் போவுது?"

"ஒங் கண்ணாடி எங்க?"

அவள் நெற்றியைத் தடவினாள், தலையைத் தடவினாள். கண்ணாடி கோயிலில் செருப்பு விட்ட இடத்தில் இருந்தது. கையில் இருந்தது அவளுடைய பேனா. என் அளவை அந்த மருந்தில் போட்டிருந்தால் பஸ்ஸில் நடந்ததைவிடப் பெரிதாக நடந்திருக்கும். அளவு தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தாலும் பிரச்சினை அதோடு தீராது. ஊசியைப் புதிதாக மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் போட்டுக்கொள்ளவே கூடாது. ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மருந்துக் குழாய்க்குள் ஏறி நிற்கும். சரோஜா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் திட்டாதே. அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தது நீ. அன்றைக்கே அவளாகவே என் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "செல்வம் கேட்டா என்ன சொல்றது அண்ணி?" என்றாள். "நான் புடுங்கிக்கினேன்னு சொல்லு" என்றேன்.

ஆக, பேனா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எப்படிப் போடுகிறேன் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எழுந்ததும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். குறைவாக இருந்தால் பேனாவைத் தொடுவதில்லை. முதலில் சர்க்கரைத் தண்ணீர், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது, பிறகு மருத்துவருக்குப் போன். சரியாக இருந்தால் பேனாவின் பெயரைப் படிக்கிறேன், மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். புது ஊசி, தினமும். இரண்டு யூனிட்டை வெளியே தள்ளிச் சொட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என் அளவைத் திருப்புகிறேன். 'டிக் டிக்' சத்தத்தை எண்ணிப் போடுவதில்லை, பேனாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் எண்ணைப் பார்த்துத்தான். குத்தி அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை எடுப்பதில்லை. வலது தொடை, இடது தொடை, வயிற்றின் வலது பக்கம், ஒவ்வொன்றிலும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து விரல் அகலம் தள்ளி. எந்த இடம் என்று காலண்டர் தாளில் தையல் சாக்கட்டியால் குறிக்கிறேன். அந்தப் பழைய இடது பக்கத்தைத் தொடுவதே இல்லை. பிரிக்காத பேனாக்கள் குளிர்பெட்டியில், ஐஸ் பிடிக்கிற தட்டிலிருந்து தள்ளி. பிரித்த பேனா என் பின்னறையில், வெயிலும் மெஷின் சூடும் படாத மூலையில். பிரித்த தேதியை அதன் மேல் ஒட்டியிருக்கிறேன், நான்கு வாரம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுகிறேன். காய்ச்சல் வந்து சாப்பிட முடியாவிட்டால் நானாக நிறுத்துவதும் இல்லை, நானாகக் குறைப்பதும் இல்லை. கேட்கிறேன். கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினோரு வருஷம் ஆனது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு மெஷினை விற்றுவிட்டுத் தாம்பரத்துக்கே வந்துவிடச் சொல்கிறாய். ஊசி போட வீட்டுக்கு வரும் நர்ஸை ஏற்பாடு செய்திருப்பதாகச் சரோஜாவிடம் சொன்னாயாம். என்னிடம் இல்லை. நான் வரமாட்டேன். உன் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் மனைவி என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள். ஆனால் தப்பு செய்ததற்காக அங்கே அனுப்பப்படுகிற ஆளாக நான் வரமாட்டேன். நான் செய்த தப்பு வேறு, அதைக் கண்டுபிடித்ததும் நான், திருத்தியதும் நான்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடு. இனிமேல் நான் சுவரைப் பார்த்துப் போடுவதாக இல்லை. அம்மா வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நீயும் எழுந்து வெளியே போகாதே. எதிரில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். முதலிலிருந்து கடைசி வரை பார். ஏதாவது ஒரு இடத்தில் நான் பிசகினால் சொல், திருத்திக்கொள்கிறேன். பேனாவை வாங்கக் கை நீட்டாதே.

ஒரு நாள் வரும், எனக்குத் தெரியும். அந்தச் சின்ன ஜன்னலில் இருக்கும் எண் என் கண்ணுக்குக் கலங்கித் தெரியும், அது ஆறா எட்டா என்று நான் தடுமாறுவேன். அன்றைக்கு உனக்கு நானே போன் செய்து, "செல்வம், இனி நீ போடு" என்று சொல்வேன். நான் சொன்ன பிறகு நீ வா. அதுவரைக்கும் அந்த நாள் வந்துவிட்டது என்று எனக்கு யாரும் அறிவிக்க வேண்டாம்.